பதினான்கு நாளும் ஒரு டாப்ளரும்

வலது கை திடீரென்று மரத்துப்போகிறது. பேச்சு குழறுகிறது. அல்லது ஒரு கண் மட்டும் சட்டென்று இருண்டுபோகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி சரியாகிவிடுகிறது. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் ஒரு வீட்டில் இப்படி நடந்தால், “வாயுப் பிடிப்பா இருக்கும்ப்பா, சுக்கு தட்டிப் போட்டுத் தர்றேன், குடிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க” என்று மகள் சொல்வாள். மறுநாள் அவர் கரும்புக் கொல்லைக்குப் போய்விடுவார். வலியும் இல்லை, தானாகவே சரியும் ஆகிவிட்டது. இதற்காக யார் பஸ் ஏறுவார்கள்?

ஏற வேண்டும். அதுவும் அன்றைக்கே. மருத்துவர்கள் இதை டி.ஐ.ஏ. என்கிறார்கள், மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைபட்டு, மீண்டும் ஓடத் தொடங்கிவிட்ட நிலை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இப்படி அவசரப் பிரிவுக்கு வந்த 1,707 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000-ல் வெளியானது. அவர்களில் 10.5 சதவீதம் பேருக்கு 90 நாட்களுக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அதில் ஏறக்குறைய பாதி, முதல் இரண்டே நாளில் வந்தது.

இப்படி வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோளாறு கழுத்தில் இருக்கிறது. கழுத்தின் இரு பக்கமும் விரல் வைத்தால் துடிக்கும் கரோட்டிட் தமனி, தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கு, இன்னொன்று மூளைக்கு. பிரியும் இடத்தில் ரத்த ஓட்டம் சீராக இருப்பதில்லை. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், பீடி சிகரெட், வயது எல்லாம் சேர்ந்து அந்த இடத்துச் சுவரில் கொழுப்பைப் படியவைக்கின்றன. படிவு தடித்துக் குழாய் சுருங்குகிறது. படிவின் மேல்பகுதி பிளந்து, அதில் உறைந்த ரத்தத் துணுக்கு ஒன்று கழன்று மேலே போனால் மூளையின் ஒரு பகுதி ரத்தமின்றித் தவிக்கும். துணுக்கு கரைந்துவிட்டால் டி.ஐ.ஏ., கரையாவிட்டால் பக்கவாதம். கழுத்தில் உள்ள அடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இருக்கும் இந்தத் தொடர்பைக் கனடா நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் 1951-ல் விரிவாக எழுதினார். ஓரிரு ஆண்டுகளிலேயே அறுவை மருத்துவர்கள் கத்தியை எடுத்துவிட்டார்கள். 1953-ல் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, 1954-ல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனைக் குழுவினர்.

அறுவை உண்மையிலேயே உதவுகிறதா என்பது உறுதியாகத் தெரிய மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1991-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வான ‘நாஸெட்’, அறிகுறி வந்தவர்களில் 70 முதல் 99 சதவீதம் வரை சுருக்கம் உள்ள 659 பேரை எடுத்துக்கொண்டது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டாண்டில் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. படிவைச் சுரண்டி எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். 50 முதல் 69 சதவீதச் சுருக்கத்தில் பலன் மிகக் குறைவு: ஐந்தாண்டில் 22.2-க்கு 15.7. ஐம்பதுக்குக் கீழே அறுவையால் லாபமில்லை. குழாய் நூற்றுக்கு நூறு அடைத்துப்போயிருந்தாலும் அறுவையால் பயன் இல்லை.

ஆக, அறிகுறி வந்த ஒருவருக்குக் கழுத்துக் குழாய் எத்தனை சதவீதம் சுருங்கியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. அந்த எண்ணைத் தரும் ஸ்கேன்கள் நான்கு. நான்கின் விலையும் வேறு, துல்லியமும் வேறு, நம் ஊரிலிருந்து அவை இருக்கும் தூரமும் வேறு.

மிகப் பழையது வடிகுழாய் ஆஞ்சியோகிராம். 1927-ல் லிஸ்பனில் ஏகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த ஆஞ்சியோகிராமின் வழிவந்தது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, கழுத்துத் தமனியில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். பல காலம் மற்ற எல்லா ஸ்கேனையும் இதோடு ஒப்பிட்டுத்தான் எடைபோட்டார்கள். ஆனால் பார்க்கப்போவதே சில நேரம் வினையாகிவிடும். 1995-ல் வெளியான ‘ஏ.சி.ஏ.எஸ்.’ ஆய்வில் இந்தச் சோதனையாலேயே 1.2 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் போன்ற சிக்கல் நேர்ந்தது. பக்கவாதத்தைத் தடுக்க வந்த சோதனை நூறில் ஒருவருக்கு அதையே கொடுக்குமென்றால், அந்த இழப்பையும் செலவுக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். சுருக்கத்தை அளப்பதற்கு மட்டும் இன்று இதை யாரும் முதலில் கையில் எடுப்பதில்லை.

மறுகோடியில் டாப்ளர் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட் கருவிதான். கழுத்துக்கு வேறு ஒரு கைப்பிடி. ஊசி இல்லை, சாயம் இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுவதை வைத்து ரத்தத்தின் வேகத்தைக் கருவி கணக்கிடுகிறது. கரும்புத் தோட்டத்தில் மடையைக் குறுக்கினால் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே புரியும். குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறதோ அவ்வளவு வேகமாக ரத்தம் பாயும். நொடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் 50 சதவீதத்துக்கு மேல் சுருக்கம், 230-ஐத் தாண்டினால் 70-க்கு மேல் என்று அமெரிக்க அல்ட்ராசவுண்ட் நிபுணர்கள் 2002-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடி ஒரு பொது அளவை வகுத்தார்கள்.

ஆனால் டாப்ளர், எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் சோதனை. ஒலிக்கற்றை தமனியைத் தொடும் கோணம் 60 டிகிரியைத் தாண்டினால் வேகக் கணக்கு கெட்டுவிடும். சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் நிழல் விழுந்து உள்ளே தெரியாது. ஒரு பக்கக் குழாய் முழுதும் அடைத்திருந்தால் அதன் பங்கு ரத்தமும் மறுபக்கம் ஓடும். அங்கே வேகம் கூடுவதைப் பார்த்து இல்லாத சுருக்கத்தை இருப்பதாக எழுதிவிட நேரும். மயிரிழை அளவு திறந்திருக்கும் குழாயை முழு அடைப்பு என்று எண்ணிவிடுவதும் உண்டு. முன்னதற்கு அறுவை பற்றி யோசிக்க இடமுண்டு, பின்னதற்கு இல்லை என்பதால் இது சிறிய தவறு இல்லை. அதனால் டாப்ளர் அறிக்கையில் ‘மிதமான சுருக்கம்’ என்ற சொற்கள் மட்டும் இருந்தால் போதாது. வேகம் எத்தனை சென்டிமீட்டர், சதவீதம் எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பவையும் எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் 70 சதவீதம் என்று வரும் அதே குழாய், நாஸெட் முறையில் அளந்தால் ஏறக்குறைய 50 சதவீதம்தான். எந்த முறை என்று தெரியாமல் ஒருவரை அறுவைக்கு அனுப்புவது சரியாகாது.

இடையில் இருப்பவை சி.டி. ஆஞ்சியோவும் எம்.ஆர். ஆஞ்சியோவும். சி.டி.யில் கையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக அயோடின் சாயம் ஏற்றி, இதயத்துக்கு மேலுள்ள பெருந்தமனி வளைவு முதல் மூளைக்குள் இருக்கும் தமனிகள் வரை ஒரே மூச்சில் படம் பிடித்துவிடுகிறார்கள். படுக்கையில் கிடக்கும் நேரம் சில நிமிடங்களே. கதிர்வீச்சு உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாயம் ஆகாது என்பதால் முதலில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. சாயம் இல்லாமலும் எடுக்கலாம், ஆனால் அப்போது சுருக்கத்தை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் பழக்கம் அதற்கு உண்டு. காடோலினியம் சாயத்தோடு எடுத்தால் படம் மிகத் தெளிவு.

இவற்றில் எது கொடுத்த காசுக்குப் பலன் தருகிறது? இந்தக் கேள்வியை விரிவாக எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஜொவானா வார்ட்லா. அவருடைய குழு 2006-ல் 41 ஆய்வுகளைச் சேர்த்து, 2,541 நோயாளிகளின் ஸ்கேன்களை ஒப்பிட்டது. 70 முதல் 99 சதவீதச் சுருக்கத்தைக் கண்டுபிடிப்பதில் சாயமேற்றிய எம்.ஆர். ஆஞ்சியோ முதலிடம் பெற்றது. நோய் உள்ள நூறு குழாய்களில் 94-ஐப் பிடித்தது. இல்லாத நூறில் 93-ஐ இல்லை என்று சரியாகச் சொன்னது. டாப்ளருக்கு இந்த எண்கள் 89, 84. சி.டி. ஆஞ்சியோவுக்கு 76, 94. இது அக்காலத்துக் கருவிகளின் கணக்கு, சி.டி. அதற்குப் பிறகு நெடுந்தூரம் வந்துவிட்டது.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் எல்லோரையும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அதே குழு, செலவையும் தடுக்கப்படும் பக்கவாதங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு வேறு ஒன்றைச் சொன்னது. அறிகுறி வந்து வெகுநாள் கழித்து வருகிறவர்களுக்குத் துல்லியம் முக்கியம். அவர்களை அறுவைக்கு அனுப்புமுன் சாயமேற்றிய எம்.ஆர். எடுத்துப் பார்த்துவிட வேண்டும். சீக்கிரம் வந்துவிட்டவர்களுக்கோ எந்த ஸ்கேன் என்பது இரண்டாம்பட்சம். அவர்களை விரைவாக அறுவை மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வழிகளெல்லாம் அதிகப் பக்கவாதங்களைத் தடுத்தன, செலவுக்கும் ஈடாயின.

இதற்கான காரணம் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராத்வெல் 2004-ல் வெளியிட்ட இரண்டு எண்களில் இருக்கிறது. அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால், ஐந்து பேருக்குச் செய்யும்போது ஒரு பக்கவாதம் தடுக்கப்படுகிறது. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு செய்தால் ஒன்றைத் தடுக்க 125 பேருக்குக் கத்தி வைக்க வேண்டும். அதே மருத்துவர், அதே தியேட்டர், அதே செலவு. நாள் கடந்ததுதான் வேறுபாடு. கழுத்துத் தமனி பற்றி எழுதப்பட்டவற்றில் இந்த இரண்டு எண்களை நம் ஊர் மருத்துவமனைகளின் சுவரில் எழுதி வைத்தால் தகும்.

இனி நெல்லிக்குப்பத்துக்கு வருவோம். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில், விழுப்புரம் போகும் ரயில்பாதையில், பாரி கம்பெனியின் பழைய சர்க்கரை ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். பண்ருட்டியைத் தாண்டித் தெற்கே போனால் நெய்வேலி; பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்கு அங்கே சொந்தமாகப் பொது மருத்துவமனை உண்டு. நிறுவன ஊழியர் குடும்பத்துக்கு அதன் கதவு எளிதில் திறக்கும். கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளிக்கும் முந்திரித் தோப்பில் வேலை செய்யும் பெண்ணுக்கும் வழி வேறு: கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, அதற்கு மேல் தெற்கே அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி (முந்தைய ராஜா முத்தையா கல்லூரி), அல்லது வடக்கே புதுச்சேரி ஜிப்மர். தூரம் என்று பார்த்தால் எதுவுமே எட்டாத இடத்தில் இல்லை. 2008 முதல் 108 ஆம்புலன்ஸும் ஓடுகிறது.

விலையிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதோடு, அங்கேயே ஸ்கேன் மையங்களையும் நடத்துகிறது. சாதாரண சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவில் கட்டணம். வெளியில் இதற்குப் பல மடங்கு கேட்பார்கள். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குப் பாதுகாப்பு உண்டு. 

அப்படியென்றால் நெல்லிக்குப்பத்துக்காரருக்கு உண்மையான செலவு எது? ஒவ்வொரு முறை போய்வருவதிலும் போகும் ஒரு நாள் கூலி, கூட வரும் மகனின் ஒரு நாள் கூலி, பஸ், சாப்பாடு. இன்று ரத்தப் பரிசோதனை, அடுத்த புதன்கிழமை டாப்ளர், அதற்கடுத்த வாரம் நரம்பியல் மருத்துவர் என்று மூன்று முறை அலையவிட்டால், ஸ்கேன் இலவசமாகவே இருந்தாலும் அது விலை உயர்ந்த ஸ்கேன்தான். பணத்தோடு சேர்ந்து அந்தப் பதினான்கு நாளும் கரைந்துபோகிறது. இரண்டாவது முறை வராமல் நின்றுவிடுகிறவர்களைப் பற்றி எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை.

இந்த இடத்தில் மேலைநாட்டுக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. அங்கே டாப்ளர் மலிவு, அருகில் இருக்கிறது, தேர்ந்த கைகள் உண்டு. அதனால் அது முதல் சோதனை. இங்கே அல்ட்ராசவுண்ட் கருவிகள் ஊருக்கு ஊர் இருந்தாலும், கழுத்துத் தமனியைப் பழுதில்லாமல் அளக்கக்கூடியவர்கள் பெரிய ஊர்களில்தான் கிடைப்பார்கள். பெண் கருக்கொலையைத் தடுக்க வந்த 1994-ம் ஆண்டின் சட்டப்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தச் சட்டம் காப்பாற்றிய உயிர்களுக்கு முன்னால் இது பொறுத்துக்கொள்ள வேண்டிய சிரமம்தான். ஆனாலும் கழுத்தைப் பார்க்க மட்டும் ஒரு கையடக்கக் கருவியை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சுற்றுக்கு அனுப்புவது இங்கே எளிதில்லை.

சி.டி. கருவியோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே நிற்கிறது. டி.ஐ.ஏ.யோ பக்கவாதமோ என்று வருகிறவருக்கு மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய எப்படியும் ஒரு சாதாரண சி.டி. எடுத்தாக வேண்டும். அதே மேசையில் அவர் படுத்திருக்கும்போதே சாயத்தை ஏற்றி, பெருந்தமனி வளைவிலிருந்து உச்சந்தலை வரை ஆஞ்சியோ எடுத்துவிட்டால் இன்னொரு நாள், இன்னொரு பஸ், இன்னொரு கூலி மிச்சம். கூடுதல் செலவு சாயத்துக்கும் படத்தைப் படித்துச் சொல்பவருக்கும்தான். தேர்ந்த டாப்ளர் நிபுணர் அன்றைக்கே கிடைக்கிற இடத்தில் டாப்ளர், கிடைக்காத இடத்தில் சி.டி. ஆஞ்சியோ என்பது கடலூர் போன்ற மாவட்டத்துக்குப் பொருந்தும் வழி. எதில் தொடங்கினாலும், 50 சதவீதத்துக்கு மேல் என்று வந்தால் அறுவைக்கு முன் இன்னொரு வகை ஸ்கேனால் உறுதி செய்துகொள்வது கட்டாயம். இரண்டாவது ஸ்கேனின் செலவு, தேவையில்லாமல் செய்யப்படும் ஒரு அறுவையின் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

சி.டி. ஆஞ்சியோ பக்கம் தராசைச் சாய்க்கும் இன்னொரு காரணமும் உண்டு. ஆசியர்களுக்கு, இந்தியர்களுக்கும்தான், மண்டையோட்டுக்கு உள்ளே இருக்கும் தமனிகளில் சுருக்கம் வருவது மேலைநாட்டினரைவிட அதிகம். கழுத்தில் வைக்கும் டாப்ளர் அதைப் பார்க்காது. கழுத்து சுத்தமாக இருக்கிறது என்ற அறிக்கையோடு ஒருவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். நோய் ஒரு சாண் மேலே உட்கார்ந்திருக்கும். உள்ளே சுருக்கம் இருப்பது தெரிந்தால் அங்கே உடனே ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றும் இல்லை. 2011-ல் வந்த ‘சாம்ப்ரிஸ்’ ஆய்வில், மூளைத் தமனியில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு முப்பது நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 5.8 சதவீதம்தான். ஆக அங்கே மருந்துதான் வழி, அதை விடாமல் கொடுக்க வேண்டும்.

அந்த மருந்துகளின் விலையையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், ரத்த அழுத்த மாத்திரை. எல்லாம் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைப்பவை. சீனாவில் 5,170 பேரிடம் நடந்த ‘சான்ஸ்’ ஆய்வு 2013-ல் காட்டியது: டி.ஐ.ஏ. அல்லது சிறிய பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலும் சேர்த்துக் கொடுத்தால், 90 நாளில் பக்கவாதம் 11.7-லிருந்து 8.2 சதவீதமாகக் குறைகிறது. ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. சொன்ன பிறகு மருத்துவர்தான் இதைத் தொடங்க வேண்டும். வீட்டில் தானாக விழுங்கக்கூடாது.

ஆக்ஸ்ஃபோர்டுஷரில் ராத்வெல் குழுவினர் செய்த இன்னொரு வேலையை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. 2004-க்கு முன் அங்கே டி.ஐ.ஏ. நோயாளியைக் கிளினிக்கில் பார்த்து, என்ன மருந்து என்று குடும்ப மருத்துவருக்குக் கடிதம் எழுதுவார்கள். முதல் மருந்துச் சீட்டு கைக்கு வர நடுத்தரக் கணக்கில் 20 நாள் ஆனது. பிறகு, வந்த அன்றே பார்த்து அங்கேயே மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கினார்கள். 20 நாள் ஒரு நாளாயிற்று. 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தார்கள். புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. மருத்துவமனையில் படுக்கும் நாட்கள் குறைந்ததில் பணமும் மிச்சமாயிற்று.

இதுவரை சொன்னதெல்லாம் அறிகுறி வந்தவர்களுக்கு. எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு? முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்களில் இப்போது கழுத்து டாப்ளரும் ஒரு வரியாகச் சேர்ந்துகொள்கிறது. ‘முன்கூட்டியே பார்த்துவிட்டால் நல்லதுதானே’ என்று பிள்ளைகள் பெற்றோருக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்த அன்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

பொதுவான மக்கள்தொகையில் கடுமையான கழுத்துச் சுருக்கம் உள்ள பெரியவர்கள் நூற்றுக்கு ஒருவர், அல்லது அதற்கும் குறைவு. 1,000 பேரைப் பரிசோதிப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்கள் 10 பேர். டாப்ளர் உள்ளதில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 94 சதவீதத்தைச் சரியாகச் சொல்லும் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். 9 பேர் பிடிபடுவார்கள். நோயே இல்லாத 990 பேரில் 59 பேருக்கும் ‘அடைப்பு இருக்கிறது’ என்று அறிக்கை வரும். ஆக, பயந்து நிற்கும் 68 பேரில் 59 பேர் ஆரோக்கியமானவர்கள். அவர்களுக்கு அடுத்த ஸ்கேன், சாயம், தூக்கமில்லாத இரவுகள். இதே டாப்ளரை, 1,000 பேரில் 150 பேருக்கு நோய் இருக்கும் டி.ஐ.ஏ. நோயாளிக் கூட்டத்தில் வைத்தால், 135 பேரைச் சரியாகவும் 51 பேரைத் தவறாகவும் சுட்டும். கருவியும் அதே, விலையும் அதே. யார் கழுத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு தலைகீழாகிவிடுகிறது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2007, 2014, 2021 என்று மூன்று முறை ஆராய்ந்து மூன்று முறையும், அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

கூட்டத்தைக் கூட்டி கழுத்தை ஸ்கேன் செய்யும் பணத்தில் என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2020-ல் மாநில அளவில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். அழுத்தம் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய தொண்ணூற்று மூன்று பேரின் தமனிச் சுவர் நாள்தோறும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. கழுத்துத் தமனியைக் காப்பாற்றுவதில் அப்படி வீடு தேடி வரும் பெண் பணியாளர்களின் கையிலிருக்கும் ரத்த அழுத்தக் கருவிக்கு எந்த எம்.ஆர்.ஐ.யும் ஈடாகாது.

ஏற்கெனவே ஏதோ ஒரு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்து, அறிகுறி இல்லாமலே 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் என்று அறிக்கை வந்துவிட்டவர்கள் பதறத் தேவையில்லை. இத்தகையவர்களை வைத்து நடந்த ‘கிரெஸ்ட்-2’ ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. நவீன மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் நான்காண்டில் ஐந்து, ஆறு சதவீதம் பேரே பாதிக்கப்பட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களில் அது 2.8 சதவீதமாகக் குறைந்தது. படிவைச் சுரண்டும் அறுவையில் கிடைத்த குறைவு, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. யோசித்து, விசாரித்து முடிவெடுக்க இவர்களுக்கு நேரம் இருக்கிறது.

விசாரிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஸ்கேன் விலையை விசாரிக்கும் நாம் அதைக் கேட்பதே இல்லை. இந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இந்தக் கழுத்துச் சிகிச்சை நடக்கிறது, அதில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்திருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அறிகுறி வந்தவர்களுக்கு அது 6 சதவீதத்துக்குள், அறிகுறி இல்லாதவர்களுக்கு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக உலகெங்கும் வைத்திருக்கும் அளவு. நாஸெட் ஆய்வில் அறுவைக்குப் பிந்தைய முப்பது நாளில் அது 5.8 சதவீதமாக இருந்தது. அந்த இழப்பையும் கழித்த பிறகுதான் 26-க்கு 9 என்ற லாபம் மிஞ்சியது. அந்த எண் பத்தாக இருக்கும் இடத்தில், எவ்வளவு துல்லியமான ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனாலும் நோயாளிக்கு லாபமில்லை. நெல்லிக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ அறுவைக்குப் புறப்படும் குடும்பம், ஸ்கேன் படங்களோடு இந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு போகலாம். கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு; கணக்கு வைத்திருக்கும் மருத்துவர் தயங்காமல் பதில் சொல்வார்.